ஸ்கான் முடிவுக்குக் காத்திருக்கும் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கணவருக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய். சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, குளிசை எல்லாம் முடிந்து, குறித்த இடைவெளியில் எம்.ஆர்.ஐ எடுத்துப் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறோம். இந்தமுறை ஸ்கான் எடுத்தாயிற்று, முடிவு இன்னும் கைக்கு வரவில்லை. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறவர்கள், கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த சோடிகள், கனடாவிலிருந்து கோல் எடுக்கும் சொந்தங்கள் என்று எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாய்ச்சொல்லிலேயே போட்டிருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை, ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. மருந்தின் அளவையும் நேரத்தையும் உங்களுக்கு எழுதித் தந்தவரிடமே கேளுங்கள். இதில் உள்ள ஒவ்வொரு பதிலையும் இவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதித்த பிறகுதான் போடுகிறேன்.

ரீச்சர், மூளையில கட்டியெண்டா எல்லாமே கேன்சர்தானா?

இல்லை. மூளையின் உறையில் வளரும் மெனிஞ்ஜியோமாக்களில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனாலும் மண்டையோட்டுக்குள் இடம் குறைவு என்பதால் அவையும் அழுத்தித் தொந்தரவு தரும். சிலருக்கு நுரையீரலிலோ மார்பிலோ தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவியிருக்கும். மூளையிலேயே தொடங்குகிறவை இன்னொரு வகை. உலக சுகாதார நிறுவனம் இவற்றை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. இவருக்கு வந்தது 4ஆம் தரம்.

எந்த வகை என்பது எடுத்த சதைத்துண்டைப் பரிசோதித்த பிறகுதான் உறுதியாகும். 2021 வகைப்படுத்தலின்படி நுணுக்குக்காட்டியில் பார்ப்பது மட்டும் போதாது, கட்டியின் மரபணு மாற்றங்களையும் பார்க்கிறார்கள். அதனால் "என்ர மச்சானுக்கும் மூளைக்கட்டி, எடுத்துப்போட்டு இப்ப வயல் செய்யிறார்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என்ன கட்டி, என்ன தரம்? அது தெரியாமல் ஒப்பிட்டால் ஆறுதலும் பிழைக்கும், பயமும் பிழைக்கும்.

இது ஒட்டுமோ? பேரப்பிள்ளையை அவரிட்ட விடலாமோ?

ஒட்டாது. தாராளமாக விடலாம். கதிர்ச் சிகிச்சை வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுப்பது. இயந்திரத்தை நிறுத்தியதும் உடம்பில் கதிர் எதுவும் மிஞ்சுவதில்லை. கவனிக்க வேண்டியது புற்றுநோய்க்குக் கொடுக்கும் டெமோசோலமைட் குளிசையை. அதை உடைக்கவோ திறக்கவோ கூடாது, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

என்னத்தால வந்தது? போன் கூடக் கதைச்சதாலயோ? ஆரும் ஏதும் செய்துபோட்டாங்களோ?

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சொல்ல முடியாது. நிச்சயமாகத் தெரிந்த காரணிகள் இரண்டு: முன்பு தலையில் வாங்கிய கூடுதலான கதிர்வீச்சு, அரிதாகச் சில குடும்பங்களில் வரும் மரபணுக் குறைபாடுகள். கைத்தொலைபேசி அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் "ஒருவேளை காரணமாகலாம்" என்ற பட்டியலில் சேர்த்தது. அது சந்தேகத்தின் பட்டியல், தீர்ப்பு அல்ல.

செய்வினை என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதை இவருக்குக் காது கேட்கச் சொல்லாதீர்கள். யார் செய்திருப்பார்கள் என்று இரவிரவாக யோசிக்கத் தொடங்கினால் இருக்கிற நித்திரையும் போய்விடும்.

பெரியாஸ்பத்திரியில சி.டி. எடுத்தாப் போதாதே? ஏன் எம்.ஆர்.ஐ எண்டு அலையிறியள்?

சி.டி. என்பது எக்ஸ்ரே வகை. மண்டையோட்டு முறிவு, புதிய இரத்தக்கசிவு போன்றவற்றை விரைவாகக் காட்டும். மூளையின் மென்மையான திசுக்களில் நடக்கும் சின்ன மாற்றங்களுக்கு எம்.ஆர்.ஐதான் வேண்டும். அதில் எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் வானொலி அலையும்தான். சத்தம் பெரிதாக இருக்கும், காதுக்கு அடைப்பான் தருவார்கள்.

எங்களைக் கொழும்புப் பக்கம் எழுதியிருக்கிறார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கே போவது என்பது உங்கள் டொக்டர் எழுதுவதைப் பொறுத்தது. இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையிலிருந்து 138 பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். சுகதேகிக்கு அது சரி. வலிப்பு வந்த ஆளுக்கு நித்திரை முறிவது வலிப்பைத் தூண்டும். அதனால் நாங்கள் முதல்நாள் பகலில் போய் ஒரு வீட்டில் தங்கி, நித்திரை கொண்டு எழும்பித்தான் கிளினிக்குக்குப் போகிறோம். செலவு கூடுதல். ஆனாலும் அப்படித்தான் செய்யச் சொல்லுவேன்.

எங்கட மனிசனுக்குக் காலில செல் அடிபட்ட சன்னம் கிடக்கு. எம்.ஆர்.ஐ எடுக்கலாமோ?

சன்னம் என்றால் வெடித்த எறிகணையின் உலோகத் துண்டு. எங்கள் மாவட்டத்தில் இதைக் கேட்காத கிளினிக் நாள் குறைவு. பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. காந்தம் இரும்பை இழுக்கும். சில உலோகம் சூடேறும். கால் சதையில் பல வருடம் கிடந்து வடுவோடு இறுகிப்போன சன்னம் பெரும்பாலும் பிரச்சினை தராது. கண்ணுக்குள், முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில், பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தால் கதை வேறு. முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, கதிரியக்க நிபுணர் முடிவு சொல்வார்.

எப்படிக் காயப்பட்டது, எந்த வருடம், எங்கே இருந்தீர்கள் என்றெல்லாம் அங்கே விசாரிப்பார்களோ என்ற பயத்தில் சிலர் வாயைத் திறப்பதில்லை. அவர்களுக்குத் தேவை உலோகம் எங்கே கிடக்கிறது என்பது மட்டும். இதயத்துக்கு வைத்த பேஸ்மேக்கர், எலும்புக்குப் பூட்டிய தகடு, காதுக் கருவி எல்லாவற்றையும் இதேபோலச் சொல்லுங்கள். கூடப் போகிறவர் உள்ளே நிற்கவேண்டி வந்தால் தாலிக்கொடி, காப்பு, தலைக் கிளிப் எல்லாம் கழற்ற வேண்டும்.

இடையில ஒரு ஊசி போடுவினமாமே, அது என்னத்துக்கு?

கடோலினியம் என்ற மருந்து. சாதாரணமாக மூளையின் இரத்தக் குழாய்கள் எதையும் இலேசில் வெளியே கசியவிடாது. கட்டி இருக்கும் இடத்தில் அந்தத் தடுப்பு பழுதாகியிருக்கும். மருந்து கசிந்து படத்தில் வெள்ளையாகத் தெரியும். ஊசிக்கு முன் ஒருதரம், பின் ஒருதரம் எடுத்து ஒப்பிடுவார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள்.

ஸ்கான் எடுத்தாச்சுதானே, இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கிறியள்?

படம் எடுக்கிறவர் வேறு, அதை வாசிக்கிறவர் வேறு. ஒரு தலைக்கு நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்கள் வரும். கதிரியக்க நிபுணர் அவற்றைப் பழைய படங்களோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுகிறார். பிறகு புற்றுநோய் டொக்டரும், தேவையென்றால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் பார்க்க வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு, போயா வந்தால் அவ்வளவுதான்.

பழைய படம் இல்லாமல் புதுப்படம் அரைவாசிதான் பேசும். வகுப்பில் ஒரு பிள்ளை 45 புள்ளி எடுத்தால் அது முன்னேற்றமா சறுக்கலா என்று போன தவணைப் புள்ளி தெரியாமல் நான் சொல்லமாட்டேன். இதுவும் அதே கணக்கு. அதனால் பழைய படங்கள் பதிந்த கொம்பியூட்டர் தட்டுகள், ரிப்போட்கள், கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள்.

ஸ்கான் அறையில் இருக்கும் தம்பியின் முகத்தைப் பார்த்து முடிவு ஊகிக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. அவர் சிரிக்காமல் இருந்தால் பசியாக இருக்கலாம்.

ரிப்போட் இங்கிலிசில வந்திருக்கு. முதல் 2.1 எண்டு இருந்தது, இப்ப 21 எண்டு கிடக்கு. பத்து மடங்கு வளந்திட்டுதோ?

இந்தக் கேள்வியோடு ஒரு பெண் அழுதுகொண்டு வந்தார். முதல் ரிப்போட்டில் சென்ரிமீற்றர், இரண்டாவதில் மில்லிமீற்றர். இரண்டும் ஒரே அளவு. எண்ணைப் பார்க்க முன் அலகைப் பாருங்கள்.

வேறு சில சொற்கள்: "ஸ்டேபிள்" என்றால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. "எடிமா" வீக்கம். "ரெசிடுவல்" சத்திரசிகிச்சையில் எடுக்க முடியாமல் மிஞ்சியது, புதிதாக வந்ததல்ல. "நெக்ரோசிஸ்" செத்த திசு. கட்டிக்குள்ளும் வரும், கதிரினாலும் வரும். "மிட்லைன் ஷிஃப்ட்" என்றால் அழுத்தத்தால் மூளையின் நடுக்கோடு ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசியைக் கண்டால் கிளினிக் நாள் வரை வைத்திருக்காமல் அன்றைக்கே டொக்டரைத் தொடர்புகொள்ளுங்கள்.

போனமுறையை விடப் பெரிசாத் தெரியுதாம். அப்ப திரும்ப வந்திட்டுதுதானே?

வந்திருக்கலாம். ஆனால் அப்படியே முடிவெடுக்க ஏலாது. கதிர்ச் சிகிச்சையும் குளிசையும் முடிந்த முதல் சில மாதங்களில், கட்டி இருந்த இடம் சிகிச்சையின் தாக்கத்தால் வீங்கி, ஊசி மருந்து கசிந்து, படத்தில் கட்டி வளர்ந்தது மாதிரியே தெரியும். போலி வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஜி.எம்.டி. என்ற மரபணு மெதிலேற்றம் அடைந்த, அதாவது ஒரு வேதி மாற்றத்தால் அடங்கிப்போன, கட்டிகளில் இது கூடுதலாகக் காணப்படுகிறது; அந்த வகைக் கட்டிகளுக்குத்தான் டெமோசோலமைட் நன்றாக வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஆகவே பயமுறுத்தும் படம் சிலருக்கு மருந்து வேலை செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இதனால்தான் 2010இல் வகுத்த ரானோ என்ற அளவுகோல், கதிர் முடிந்த முதல் 12 கிழமைக்குள் படத்தை மட்டும் வைத்து "வளர்ந்துவிட்டது" என்று சொல்வதற்குக் கடும் நிபந்தனை போட்டது: கதிர் பட்ட எல்லைக்கு வெளியே புதிதாகத் தெரிந்தால், அல்லது சதைத்துண்டுப் பரிசோதனையில் உறுதியானால் மட்டும் அப்படிச் சொல்லலாம். அதற்குப் பிறகும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அளவுகளைப் பெருக்கி, அது 25 வீதமோ அதற்கு மேலோ கூடியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வித்தியாசம், தலை கொஞ்சம் சரிந்து படுத்ததாலும் வரும்.

சந்தேகமாக இருந்தால் டொக்டர் "சில கிழமை கழித்துத் திரும்ப எடுப்போம்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டு "ஒண்டும் செய்யாமல் அனுப்பிப்போட்டினம்" என்று கோபப்படாதீர்கள். சில நேரம் சரியான மருத்துவம் அதுதான். படத்தை விட ஆள் எப்படி இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும்: நடை, பேச்சு, மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் குளிசை எத்தனை தேவைப்படுகிறது என்பதெல்லாம்.

அக்கா, ரிப்போட்டைப் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில போடுங்கோ, நான் இங்க டொரன்டோவில ஒரு டொக்டரிட்டக் காட்டுறன்.

அன்பு புரிகிறது தம்பி. ஆனால் ஒரு பக்கத்தின் போட்டோவை வைத்து அந்த டொக்டர் சொல்லக்கூடியது மிகக் குறைவு. பழைய படத்தைப் பற்றி மேலே சொன்னதுதான் காரணம். இரண்டாவது கருத்து கேட்பது நல்லது, எங்கள் டொக்டரும் தடுக்கவில்லை. கேட்பதென்றால் தட்டில் பதிந்த முழுப் படங்கள், சதைத்துண்டு ரிப்போட், கதிர் கொடுத்த விபரம், இப்போதைய மருந்துப் பட்டியல் எல்லாம் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. உங்களுக்கு மத்தியானம் என்றால் எங்களுக்கு நடுச்சாமம். போன் அடித்தால் இவர் திடுக்கிட்டு எழும்புகிறார்.

தலையிடி வந்தாலே கட்டி வளருது எண்டுதானே அர்த்தம்?

இல்லை. திருகோணமலை வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காவிட்டால் எனக்கும்தான் தலையிடி வருகிறது. கவனிக்க வேண்டியவை: விடிய எழும்பும்போதே வந்து நாளுக்குநாள் கூடும் தலையிடி, அதோடு சத்தி, புதிதாக ஒரு கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இரட்டித்தல், வழக்கத்துக்கு மாறான தூக்கம், எழுப்ப முடியாத மயக்கம், புதிதாக வரும் அல்லது அடிக்கடி வரும் வலிப்பு. இவற்றில் எதைக் கண்டாலும் ஸ்கான் முடிவுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெமோசோலமைட் எடுக்கிறவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கக் கூடும்.

வலிப்பு வந்தாக் கையில இரும்புத் திறப்புக் குடுக்கிறதுதானே?

வேண்டாம். அடக்கிப் பிடிக்கவும் வேண்டாம், வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உள்ள கூர்மையான சாமான்களை அகற்றி, தலைக்குக் கீழே மெத்தென ஏதாவது வைத்து, ஆளை ஒரு பக்கமாகச் சரித்து விடுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்ப முன் அடுத்தது வந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

அந்தச் சின்னக் குளிசையாலதான் மாமாவுக்கு முகம் ஊதினது. ரெண்டு நாளைக்கு நிப்பாட்டிப் பாக்கலாமே?

டெக்ஸாமெதசோனைச் சொல்கிறீர்கள், அது ஒரு ஸ்டீரொயிட். மூளை வீக்கத்தை வற்றவைப்பது அதுதான். முகம் ஊதும், பசி எடுக்கும், சீனி கூடும், நித்திரை கெடும், தொடைச் சதை பலவீனமாகிக் கதிரையிலிருந்து எழும்பக் கஷ்டப்படுவார். அவ்வளவும் உண்மை. ஆனாலும் திடீரென நிறுத்தினால் வீக்கம் திரும்புவதோடு, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீரொயிட்டும் இல்லாமல் ஆள் விழுந்துவிடுவார். டொக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சித்த வைத்தியமும் சேத்துப் பாத்தா என்ன? இங்கயே கம்பஸில படிப்பிக்கினம்தானே.

உண்மை, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. படித்த சித்த வைத்தியரிடம் போனால் அவரே முதலில் உங்கள் இங்கிலிஸ் மருந்துப் பட்டியலைக் கேட்பார். கேட்காமல் சூரணம் மடித்துத் தருகிறவரிடம் கவனம். சில மூலிகைகள் ஈரலைப் பாதிக்கும், சில வலிப்பு மருந்தின் அளவை இரத்தத்தில் மாற்றிவிடும். எது எடுத்தாலும் கிளினிக்கில் சொல்லுங்கள். வைத்த மருந்தை நிறுத்திவிட்டு வா என்று சொல்கிறவரிடம் மட்டும் போகவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கலாமோ? எங்கட ஆள் றமழான் நோன்பை விடமாட்டேன் எண்டுறார்.

இரண்டாவதைக் கேட்டவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு சகோதரி. பதில் இருவருக்கும் ஒன்றுதான். ஸ்டீரொயிட்டை வெறும் வயிற்றில் போட்டால் வயிறு புண்ணாகும். வலிப்பு மருந்து நேரம் தவறினால் வலிப்பு வரும். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பதை அவருடைய பள்ளிவாசல் மௌலவியே எடுத்துச் சொன்னபோதுதான் அவர் கேட்டாராம். மனைவி சொல்வதை விட அது எடுபடும். டெமோசோலமைட்டை மட்டும் வெறும் வயிற்றில், பெரும்பாலும் படுக்கப் போகும்போது எடுக்கச் சொல்வார்கள்.

கோணேசர் மலைக்கு நேர்த்தி வைத்தவர்கள் கோட்டை வாசலிலிருந்து நடக்காமல் வாகனத்தில் மேலே போய், வெயில் ஏறமுன் கும்பிட்டுவிட்டு வரலாம். கதிர் பட்ட தலைத்தோலுக்கு வெயில் ஆகாது; தொப்பியோ சால்வையோ வேண்டும்.

கன்னியாவில குளிச்சா நல்லதாமே? நிலாவெளிக் கடலில இறங்கலாமோ?

வெந்நீரூற்றுக் குளிப்பால் மூளைக்கட்டி மாறாது. கதிர் முடிந்த புதிதில், அல்லது சத்திரசிகிச்சைக் காயம் ஆறாத நேரத்தில் தலைக்குச் சுடுதண்ணீர் வார்க்க வேண்டாம். கடலில் தனியாக இறங்கவே கூடாது. வலிப்பு முழங்கால் தண்ணீரிலும் ஆளைக் கொல்லும். கரையில் கதிரை போட்டு இருக்கலாம். மோட்டார் சைக்கிளும் டொக்டர் சொல்லும்வரை இல்லை. இவருக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பெரிய கவலை.

சித்தி, சித்தப்பா முந்தி இப்பிடிக் கத்துறவர் இல்லையே. என்ன நடந்தது?

பருப்பில் உப்புக் குறைந்ததற்குக் கோப்பையைத் தள்ளிவிட்ட நாள் உண்டு. நாற்பது வருடத்தில் அப்படிச் செய்தவர் இல்லை. காரணம் பல இடத்திலிருந்து வரும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் அடக்கிக்கொள்ளும் சக்தி குறையும். ஸ்டீரொயிட் எரிச்சலையும் நித்திரையின்மையையும் தரும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெட்டிரசிட்டமும் சிலருக்குச் சிடுசிடுப்பைக் கொடுக்கும். இதையெல்லாம் தாண்டி, முடிவுக்குக் காத்திருக்கும் மனிதனுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். "மனிசனைப் பற்றி வெளியில குறை சொல்லக்கூடாது" என்று மறைக்கிற மனைவிமார் அதிகம். நான் சொன்னபிறகு ஸ்டீரொயிட்டின் கடைசி வேளையை மத்தியானத்துக்கு முன் மாற்றினார்கள்; இரவு கொஞ்சம் அமைதியானது. பின்னேரத்தில் கணக்குவழக்கு, காணிப் பிரச்சினை எதையும் வீட்டில் எடுக்கமாட்டேன். ஒரே நேரத்தில் ரீவியும் சத்தம் போடும் பேரனும் இருந்தால் அவருக்கு ஏலாது. கத்தி முடிந்த பிறகு அவருக்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் கவனித்திருக்கிறேன். அந்த நேரத்தில் பழசைக் கிளறுவதில்லை. அடித்தால், அல்லது அடித்துவிடுவாரோ என்று பயம் வந்தால் அது வேறு விடயம். அன்றைக்கே டொக்டரிடம் சொல்லுங்கள்.

ஏன் அவரையும் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறியள்? உங்களிட்ட மட்டும் சொல்லச் சொல்லி டொக்டரிட்டக் கேக்கலாம்தானே. பாவம், தாங்கமாட்டார்.

நல்ல மனதோடு அதிகம் பேர் கேட்கும் கேள்வி. நான் உடன்படாத கேள்வியும் இதுதான். தலை அவருடையது, படம் அவருடையது. மறைத்தால் வீட்டில் எல்லாரும் குசுகுசுக்கத் தொடங்குவோம். அவர் வந்ததும் கதை நிற்கும். புற்றுநோய் அவருடைய புத்தியை அந்தளவுக்கு எடுத்துவிடவில்லை. கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நல்ல செய்தி சொன்னாலும் நம்பமாட்டார்.

எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். முடிவு வரமுன், வீட்டில் அமைதியாக இருந்த ஒரு காலையில் கேட்டேன்: "உங்களுக்கு எல்லாம் சொல்லட்டோ, இல்லாட்டி அடுத்தது என்ன செய்யிறது எண்டு மட்டும் சொல்லட்டோ?" அவர் சொன்னது: வளர்ந்ததா இல்லையா என்று மட்டும் தனக்கு முதலில் சொல்ல வேண்டும், எண் கணக்கு வேண்டாம். அதை நானே டொக்டரிடம் சொன்னேன். "ஒன்றும் தெரிய வேண்டாம், நீ பார்த்துக்கொள்" என்று சொல்கிற ஆட்களும் உண்டு. அதையும் மதிக்க வேண்டும், ஆனால் அது அவர் வாயால் வர வேண்டும்.

மொழி இன்னொரு பிரச்சினை. டொக்டர் சிங்களத்திலோ இங்கிலிசிலோ சொல்ல, மகன் தமிழில் சொல்லும்போது பாதியை விழுங்கிவிடுவான், அப்பாவின் முகத்தைப் பார்த்து. முடிந்தால் தமிழ் தெரிந்த தாதி ஒருவரை நிற்கச் சொல்லிக் கேளுங்கள். கேள்விகளை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

காத்திருக்கிற நாளில என்ன செய்யிறியள்?

சமைக்கிறோம், மருந்து எடுக்கிறோம். இன்டர்நெட்டில் தேடுவதற்கு இவர் எனக்குத் தடை போட்டிருக்கிறார். பின்னேரம் தேநீரோடு ஸ்கானைப் பற்றிக் கதைக்கலாம், கோப்பை முடிந்ததும் கதையும் முடிய வேண்டும். சில நாள் அந்த நேரத்தில் இருவருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. நான் நித்திரையில்லாமல் புரண்டால் தானும் முழித்திருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் கிடப்பார், எனக்குத் தெரியும்.

கேக்க வெக்கமாக் கிடக்கு ரீச்சர். புருசன் பெண்சாதியா இருக்கலாமோ?

இருக்கலாம். நோயும் ஒட்டாது, கதிரும் ஒட்டாது என்று முன்பே சொன்னேன். டெமோசோலமைட் கருவைப் பாதிக்கும். எனவே இளம் சோடிகள், நோயாளி ஆணோ பெண்ணோ, கருத்தடையைப் பற்றி டொக்டரிடம் கேட்க வேண்டும், நிறுத்திய பிறகும் எத்தனை மாதம் என்று சேர்த்துக் கேளுங்கள். பிறகு பிள்ளை வேண்டுமென்று நினைக்கிறவர்கள் மருந்து தொடங்க முன்பே அதைப் பற்றிக் கதைக்க வேண்டும். களைப்பில் விருப்பம் குறைவதும் சாதாரணம்.

இன்னும் எவ்வளவு காலமெண்டு கேட்டனியளோ?

நான் கேட்டேன், இவர் கேட்கவில்லை. இதைப் பதிலாகப் போடவும் அவர் அனுமதித்தார், தான் இந்தப் பகுதியை வாசிக்காமல் தாண்டுவதாகச் சொல்லி. கிளியோபிளாஸ்டோமாவுக்கு இன்றும் கொடுக்கும் சிகிச்சை முறை 2005இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது: ஆறு கிழமையில் 30 தடவை கதிர், கூடவே டெமோசோலமைட், பிறகு 28 நாளைக்கு ஒருமுறை 5 நாள் குளிசை. கதிர் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், குளிசையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். அந்த எண் ஆயுள் முடியும் நாள் அல்ல. பாதிப் பேர் அதைத் தாண்டியிருந்தார்கள் என்று அர்த்தம். இரண்டு வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் 26.5 வீதம், ஐந்து வருடத்தின் பின் ஏறக்குறைய 10 வீதம். வயது, எவ்வளவு கட்டி அகற்றப்பட்டது, மேலே சொன்ன எம்.ஜி.எம்.டி. எல்லாம் இதை முன்பின்னாக்கும்.

குணமாகிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் "மாற்றமில்லை" என்ற முடிவுதான் நாங்கள் கும்பிட்டுக் கேட்பது. அதைக் கேட்டு "அப்ப சுகமில்லையா?" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

முடிவு கூடாமல் வந்தா?

சிலருக்கு மறுபடி சத்திரசிகிச்சை செய்யலாம், சிலருக்கு மறுபடி கதிர், சிலருக்கு லொமஸ்டின், பெவசிசுமாப் போன்ற வேறு மருந்து. எது கிடைக்கும், எது அவருடைய உடம்புக்குப் பொருந்தும் என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்தால் வரும் நன்மையை விடத் தொல்லை கூடினால் கட்டிக்கான மருத்துவத்தை நிறுத்தி, வலி, வலிப்பு, சத்தி இவற்றை அடக்கும் ஆறுதல் சிகிச்சையை மட்டும் கேட்கலாம். அது கைவிடுவது அல்ல. முதல் நாளிலிருந்தே அதையும் சேர்த்துக் கேட்கலாம். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியா வீடா என்று இவரிடம் கேட்டிருக்கிறேன். வீடு என்றார்.

வங்கிக் கணக்கு, காணி உறுதி, ஓய்வூதிய அலுவல்களை அவர் தெளிவாக விளங்கிக் கையெழுத்து வைக்கக்கூடிய காலத்திலேயே நொத்தாரிசிடம் போய் முடியுங்கள். இதைச் செய்தால் அபசகுனம் என்று சொன்னவர்களும் உண்டு, நாங்கள் செய்துவிட்டோம்.

முடிவு வந்த உடன எங்களுக்குச் சொல்லுவியள்தானே?

சொல்லுவோம், ஒழுங்கு ஒன்று இருக்கிறது. முதலில் அவருக்கு, பிறகு பிள்ளைகளுக்கு, அடுத்தநாள் மற்றவர்களுக்கு. குடும்ப வட்ஸ்அப் குழுவில் மூத்த மகள் ஒரு செய்தி போடுவாள். அன்றைக்குக் கோல் எடுக்க வேண்டாம். வருவதென்றால் அடுத்தநாள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாருங்கள். நோயைப் பற்றித்தான் கதைக்க வேண்டும் என்றில்லை. உள்ளூராட்சித் தேர்தல் கதை, மீன் விலை, யாரின் மகளுக்குக் கலியாணம் என்பதெல்லாம் அவருக்கு வேண்டும். ஹோர்லிக்ஸ் போத்தல் கொண்டுவராதீர்கள், சீனி கூடியிருக்கிறது.